பற்றும் வரவும்

பி.காம் பசங்களுக்குத் தெரியும், டெபிட்டுக்குத் தமிழில் 'பற்று'. ஒருத்தர் மேல் மனசு ஒட்டிக்கொள்வதற்கும் அதே சொல்தான்! லூக்கா பசியோலி 1494-ல் வெனிஸில் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கிய இரட்டைப் பதிவு முறைப்படி, ஒவ்வொரு பற்றுக்கும் சமமாய் ஒரு வரவு இருந்தே ஆகணும்.

காதலிலும் நான் இப்படித்தான் கணக்கு வைக்கிறேனோ? அவளுக்குக் காஸ்டிங் நோட்ஸ் எழுதிக் கொடுப்பது அன்பால்தான். கூடவே, "நீ மட்டும் இல்லேன்னா அரியர் விழுந்திருக்கும்டா" என்று அவள் சொல்வதைக் கேட்கவும்தான். யோசித்துப் பார்த்தால், இதுவரை எனக்குப் பிடித்துப்போன எல்லாருமே ஏதாவது கஷ்டத்தில் இருந்தபோது பழக்கமானவர்கள். என் உதவி தேவைப்படும் வரை எனக்கு நிம்மதி.

பதிலுக்கு ஏதாவது கிடைத்தால் மட்டுமே கொடுப்பதை, எரிக் ஃப்ராம் 'தி ஆர்ட் ஆஃப் லவிங்' (1956) புத்தகத்தில் சந்தை மனோபாவம் என்கிறார். நம்ம டிபார்ட்மெண்ட் சமாச்சாரம்! :-)

இந்த இன்டர்னலில் அவள் என்னைவிட எட்டு மார்க் அதிகம். சந்தோஷம்தான். ஆனால் நோட்ஸ் கேட்கவே இல்லை. இனிமேல் நான் எதற்கு என்று உள்ளுக்குள் ஒரு பயம். கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவள் பக்கத்தில் சும்மா உட்கார எனக்குத் தெரியுமா? செமஸ்டர் முடிவதற்குள் தெரிந்துவிடும். உங்க கணக்கு எப்படி?