பட்டு என்றால் எரித்துக் காட்டு
கடல் தாண்டிய கடைவீதிகள் – 6: பாங்காக்

பிரத்துனாம் சந்தையில் பேரம் பேச நாக்கு வேண்டாம், கால்குலேட்டர் போதும். கடைக்காரப் பெண் 150 என்று தட்டி நீட்டினாள். நான் அழித்துவிட்டு 100 என்று தட்டினேன். அவள் சிரித்தபடி மூன்று விரலைக் காட்டினாள். மூன்றாக எடுத்தால் மொத்த விலை, டி-சர்ட் ஒன்று 120 பாட். நம் பணத்தில் ஏறக்குறைய 300 ரூபாய். முகச்சுளிப்பு இல்லை, கூச்சல் இல்லை. போட்டுப் பார்க்க மட்டும் விடமாட்டார்கள்.

திருப்பூரில் பிறந்தவளுக்குச் சட்டையைக் கண்டால் உட்புறத்தைத் திருப்பத்தான் கை போகும். துணி மெல்லிசு, ஓவர்லாக் தையலில் பிசிறு, தோள்பட்டையில் டேப் இல்லை. லண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில் 15 பவுண்டுக்கு ஒன்று பார்த்ததை முன்பே எழுதியிருந்தேன். அதன் உட்புறம் சுத்தமாக இருந்தது, கழுத்து லேபிளில் 'மேட் இன் இந்தியா' என்றிருந்தது. அந்தத் தரம் எங்கள் ஊர்க் காதர்பேட்டையில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும். லண்டனில் கூடிய விலை கடை வாடகைக்கும் பிராண்டுக்கும் போகிறது. பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்த பெண்ணின் கூலி அதனால் கூடிவிடவில்லை.

ஆனாலும் லண்டன் கடை பருத்தியைப் பருத்தி என்றுதான் சொன்னது. பாங்காக்கில் எனக்குக் கோபம் வந்தது வேறொரு கடையில்.

அரண்மனை வாசலில் ஒரு டுக்-டுக்காரர், "இன்று மூடியிருக்கிறது, 20 பாட் கொடுங்கள், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்றார். அரண்மனை திறந்துதான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அவர் நேரே கொண்டுபோய் இறக்கியது ஒரு பட்டுக்கடையில். ஆள் கொண்டுவந்தால் ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு. உள்ளே ஏ.சி. குளிர், குளிர்ந்த தண்ணீர், பலமான உபசாரம். "நூறு சதவீதம் தாய்லாந்துப் பட்டு" என்று ஒரு சால்வையை விரித்து 1,800 பாட் சொன்னார்கள்.

தொட்டதுமே சந்தேகம். பளபளப்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தது. "குஞ்சத்தில் ஒரு நூலை எரித்துக் காட்டுங்கள், இந்த நிமிடமே வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். கடைக்காரரின் முகம் மாறியது. கடைக்குள் நெருப்பு கூடாது என்றார். வாசலுக்குப் போகலாம் என்றேன். நம்பிக்கை இல்லாவிட்டால் வெளியே போ என்று குரலை உயர்த்தினார். என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை, பாலியெஸ்டர் என்று சொல்லி விற்றால் நானே 200 பாட் தருவேன், பட்டென்று பொய் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். டுக்-டுக்காரர் எங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சேன் சேப் கால்வாயில் படகேறி பான் குருவாவுக்குப் போனோம். தண்ணீர் கறுப்பு, நாற்றம் குடலைப் புரட்டுகிறது. தெறிக்கும்போது பயணிகளே பக்கவாட்டு பிளாஸ்டிக் திரையை இழுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு அழகான நகரம் தன் கால்வாயை இப்படி வைத்திருக்கலாமா?

பான் குருவா, சாம் இன முஸ்லிம் நெசவாளர்களின் குடியிருப்பு. 1940களின் பிற்பகுதியில் ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் இவர்கள் நெய்த பட்டை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் உலகப்புகழ் ஆக்கினார். கால்வாயின் எதிர்க்கரையிலேயே வீடு கட்டிக் குடியேறினார். 1967இல் மலேசியாவின் கேமரன் மலைப்பகுதியில் உலாவப் போனவர் திரும்பவே இல்லை. வீடு இப்போது அருங்காட்சியகம். பான் குருவாவில் தறிகள் சிலவே மிச்சம்.

அவற்றில் ஒன்றின் முன்னால் இருந்த பெரியவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சால்வையை எடுத்ததும் அவரே ஒரு நூலை உருவி லைட்டரைப் பற்றவைத்தார். முடி கருகும் வாடை. சாம்பலை என் உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்தார், பொடியாக உதிர்ந்தது. பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாகும் என்று அவருடைய பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையும் செம்பும் மாறி மாறி வந்தன. விலை 900 பாட். பேரம் பேச மனம் வரவில்லை. பெரியவர் தேநீர் கொடுத்தார். வாங்காமல் போனாலும் அதே தேநீரைக் கொடுத்திருப்பார்.

எந்த நாடானாலும் விலைச்சீட்டைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். சோதிக்க விடுகிற கடையில் வாங்குங்கள். எனக்குத் துணிக்கடைகள் சலிக்கத் தொடங்கிவிட்டன. அடுத்த வாரம் அயுத்தயா.