கத்தியைக் கழற்றிவிட்டு

இங்கிலாந்தில் புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பந்தயம் விடுகிறார்கள். 1973-இல் விஸ்பரோ கிரீன் கிராமத்து மதுக்கடையில், கார் பந்தயத்துக்குக் காசு கட்டுபடியாகவில்லை என்று அலுத்துக்கொண்டவர்களின் யோசனை. பரிசுப் பணம் கிடையாது. கார் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸே வந்து ஓட்டி ஜெயித்திருக்கிறார். எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஒரு விதிதான்: வெட்டும் கத்தியைக் கழற்றிவிட வேண்டும். பாதுகாப்புக்காகத்தான். ஆனாலும், புல் வெட்டாத புல்வெட்டி!

நான் வளர்ந்த ஸ்ரீரங்கத்தில் புல்வெளிக்கு எங்கே போவது? முளைத்ததையும் மாடு விட்டுவைக்காது. எங்களிடம் இருந்தது பேரிங் வண்டி. லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங் மூன்றைக் கெஞ்சி வாங்கி, ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போடுவோம். உள்ளே இறுகிப்போன கிரீஸும் மண்ணும் கரைந்துவிடும். காலையில் விரலால் சுண்டிவிட்டு, நிற்கும்வரை எண்ணுவோம். அதிக நேரம் சுற்றுவது முன்சக்கரம். பலகைக்குப் பின்னால் இரண்டு. முன்கட்டை ஒற்றை போல்ட்டில் திரும்பும், காலால் திருப்ப வேண்டும். பிரேக், ரப்பர் செருப்பு. ஊரோ தட்டை, சரிவென்பதே இல்லை. ஆகவே ஒருவன் முதுகைப் பிடித்துத் தள்ளியாக வேண்டும். பலகை எவன் வீட்டதோ அவன் உட்காருவான். நான் எப்போதும் எஞ்சின். விஸ்பரோ கிரீன்காரர்கள் ஆள் பின்னாலேயே ஓடுகிற புல்வெட்டிகளுக்கும் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அங்கே பிறந்திருந்தால் எனக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

சித்திரை வீதியில் மத்தியானம் மூன்று வண்டி சேர்ந்து போனால் திண்ணைத் தூக்கம் அத்தனையும் கலையும். அதே வீதியில்தான் திருவிழாவில் ஊரே வடம்பிடிக்க, முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத் தேர் நகரும். அதை வேகமாக இழுக்கச் சொன்னவர் யாருமில்லை.

மாட்டுவண்டிப் பந்தயமான ரேக்ளாவிலும் நடப்பது, கத்தியைக் கழற்றியதுபோல, ஒரு கழித்தல்தான். பாரம் ஏற்றுகிற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு சக்கரம், ஏர்க்கால், நுகத்தடி, சாரதி தொற்றிக்கொள்ள ஒரு துண்டுப் பலகை. 2014-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி, 2017-இல் சட்டம் திருத்தி மறுபடி ஓடுகிறது. புதுக்கோட்டைப் பக்கம் தூரத்தை இன்னமும் மைலில்தான் சொல்கிறார்கள்: பெரிய மாடு என்றால் போக வர எட்டு மைல். நாடு கிலோமீட்டருக்கு மாறிய செய்தி மாடுகளுக்கு எட்டவில்லை போலும்.

2014-இல் ஹோண்டா நிறுவனம் ஒரு புல்வெட்டியில் 1000 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி, மணிக்கு 187 கிலோமீட்டர் ஓட்டிக் கின்னஸில் ஏறியது. அது புல்லும் வெட்டும் என்று வேறு பெருமை. எனக்கென்னவோ அதில் மனம் ஒட்டவில்லை. பந்தய வண்டி எந்த உருப்படியான காரியத்துக்கும் ஆகக் கூடாது. எங்கள் பலகைக்காரனின் பாட்டி ஒருநாள், "சும்மாதானே சுத்தறேள், ரேஷன் அரிசியை அதுல வெச்சுத் தள்ளிண்டு வாங்கோடா" என்றாள். மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டுதான் வந்தோம், வீதி பார்க்க. மறுநாள் அவனே பேரிங்கைக் கழற்றிக்கொண்டு, பலகையை வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டான்.