இருபத்து நான்கு பங்கில் ஒரு வண்டி

செஞ்சியில் பிறந்தவர்களுக்குக் குதிரைக் கதை புதிதன்று. தில்லியில் எவராலும் ஏற முடியாதிருந்த பாராசாரிக் குதிரையைத் தேசிங்கு ராஜன் அடக்கிய கதையை நம் பாட்டிமார் வாயிலாகவே கேட்டு வளர்ந்தோம். 1714-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு பொருது அவன் மாண்டான். கோட்டைக்குள் குதிரை லாயங்கள் இன்றும் நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்த பின்னர், வெளியூரார் வருகை பெருகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் வரும் வாலிபர்களுள் சிலர் ராஜகிரியைப் பார்த்த கையோடு கடைத்தெருவுக்கு வந்து, பழைய ஜப்பான் வண்டி ஏதேனும் விலைக்குக் கிடைக்குமா என்று மெக்கானிக்குகளிடம் விசாரிக்கிறார்கள். அப்படி விசாரித்து வந்த ஒருவரால் நமக்கு நேர்ந்த சங்கடத்தையே இங்கு எழுதப் புகுந்தோம்.

அரபு இலக்கணம் பயிற்றுவிக்கும் நமக்கு மோட்டார் சைக்கிளில் என்ன வேலை என்று வாசக நேயர்கள் வியக்கலாம். வண்டி நம்முடையதன்று, மர்ஹூம் அண்ணன் அவர்களுடையது. மணிலாக்கொட்டை வியாபாரியான அவர்கள் 1992-இல் புதிதாக வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 அது. தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு ஓராண்டு முன்பு பதிவான வண்டி. அண்ணன் மறைந்து இரண்டாண்டுகளாகக் கொல்லைத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

இவ்வண்டிகளின் மவுசு எங்கிருந்து வந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நம் இளமையில் சாலையில் ஓடியவை புல்லட்டும் எஸ்டியும் பழைய ராஜ்தூத்துமே. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் இரட்டைச் சிலிண்டர் வண்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் இறக்கியது. 347 சி.சி. பெட்ரோலைக் குடிக்கும் குடியைக் கண்டு அந்நாளில் மக்கள் அஞ்சி ஒதுங்கினர். இன்றோ சேகரிப்பவர்கள் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் ஆர்.எக்ஸ். 100-உம், 1986-இல் கவாசாகி பஜாஜும் வந்தன. இவற்றுள் ஆர்.எக்ஸ். 100 தனி ரகம். 98 சி.சி. எஞ்சினில் பதினொரு குதிரைத் திறன். வண்டியின் எடையோ ஏறத்தாழ நூறு கிலோதான். சிறிய உடம்பில் பெரிய உயிர். தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டே பூட்டினார்கள் என்பதால் அக்காலத்து வண்டிகளுக்கு இன்னும் கிராக்கி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிப்பது, புகை அதிகம். புகைக் கட்டுப்பாடுகள் இறுகி வந்த காலத்தில், 1996-இல், அதன் உற்பத்தி நின்றது. இனிப் பிறக்கப்போவதில்லை என்றான பின்னரே அதற்கு விலை பிறந்தது.

இடையே ஒரு செய்தி. யமஹா நிறுவனத்தின் மூலவர் 1887-இல் ஆர்மோனியம் போன்ற நாணல் இசைக்கருவி ஒன்றைப் பழுது பார்த்துத் தொழிலைத் தொடங்கியவர். டேங்கில் காணும் சின்னம் மூன்று சுருதிக் கவைகள். அந்த இசைக்கருவியில் காற்றுப் பட்டு அதிரும் தகட்டைப் போன்றதொரு தகடுதான் இவ்வண்டியின் எஞ்சினுக்குள்ளும் திறந்து மூடுகிறதாம். அண்ணன் திருவண்ணாமலைச் சாலையில் திரும்பும்போதே அண்ணி உலையை இறக்கிவிடுவார்கள் என்பதை நினைக்கையில், அந்தச் சத்தத்துக்கு ஒரு குலப் பெருமை உண்டென்றே தோன்றுகிறது.

சட்டத்தின் கண்ணில் இவை இன்னும் பழம்பொருள் அல்ல. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்து, மூல உருவம் மாறாதிருக்கும் வண்டியே அத்தகுதி பெறும். 1985-இன் வண்டி 2035 வரை காத்திருக்க வேண்டும். சந்தை அதுவரை காத்திருக்கவில்லை. ஓட்டுவதற்கு வாங்குபவர் எஞ்சினைப் பார்க்கிறார். சேகரிப்பதற்கு வாங்குபவரோ எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா, டேங்க் பழையதுதானா, சைலன்சர் மாற்றியதா என்று ஒவ்வோர் உறுப்பாகத் தடவிப் பார்க்கிறார். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது. ஆனால் பல்லைப் பார்ப்பவர் இருக்குமிடத்தில் பல்லைத் தீட்டுபவரும் இருக்கிறார். நாலு வண்டியின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் பூச்சடித்து, ஒரே கைப்பட்ட வண்டி என்று விற்பவர் உண்டு. விற்குமுன் சில நாள் பால் கறவாமல் விட்டு மடியைப் பருக்கச் செய்வதற்கு அரபியில் தஸ்ரியா என்று பெயர். அதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நாம் ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்தும் பாடம்தான் அது.

பெங்களூரிலிருந்து வந்த இளைஞர் பண்புடையவர். தார்ப்பாயை விலக்கியதும் ஒரு கணம் பேச்சற்று நின்றார். எண்கள் ஒத்திருந்தன, டேங்கும் மீட்டரும் பழையவை. "ஒரு லட்சத்து இருபதாயிரம் தருகிறேன் ஐயா, அடுத்த வாரம் பணத்தோடு வருகிறேன்" என்றார். அண்ணியின் முகத்தில் வெகு நாட்களுக்குப் பின் ஓர் ஒளியைக் கண்டோம். மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. 2011-இல் திண்டிவனத்திலிருந்து இரவில் வந்தபோது அண்ணன் சாலையோர ஜல்லிக் குவியலில் மோதினார்கள். கை கால் தப்பியது. வண்டியின் கழுத்து, ஹேண்டில் சேருமிடத்தில் சேஸிஸ் குழாய், விரிசல் கண்டது. வெல்டிங் வைத்துப் பூச்சடித்தார்கள். டேங்க் மறைக்கும் இடம். "வீட்டில் சொல்லிவிடாதே தம்பி, பிள்ளைகளை ஏற்ற விடமாட்டாள்" என்று நம்மிடம் கேட்டுக்கொண்டார்கள். அறிந்தவர்கள் அண்ணன், நாம், மெக்கானிக் மூவரே. மெக்கானிக்கைக் கேட்டால், "சொன்னாத்தானே அஜ்ரத்து தெரியும்" என்றார்.

மர்கீனானி இமாமின் ஹிதாயாவில் குறை என்பதற்கு இலக்கணம் உண்டு. வணிகர் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ அது குறை. வாங்கியவர் பின்னால் கண்டால் திருப்பித் தரும் உரிமை அவருக்கு உண்டு. பாடம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் குறைவது யார் விலை? வாரிசுக் கணக்கில் அந்த வண்டி இருபத்து நான்கு பங்கு. எட்டில் ஒன்றாக அண்ணிக்கு மூன்று. மூன்றில் இரண்டாகப் பெண்மக்கள் இருவருக்கும் பதினாறு. மீதி ஐந்து உடன்பிறந்த நமக்கு. நம் ஐந்தை விட்டுக்கொடுப்பது எளிது. தகப்பனை இழந்த பிள்ளைகளின் பதினாறில் கைவைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? மறைந்தவருக்குக் கொடுத்த வாக்கும் ஒருபுறம் நின்றது.

மறுநாள் அண்ணியிடம் சொன்னோம். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "உங்க அண்ணன் இருந்தா சொல்லியிருப்பாங்களா தம்பி?" என்று கேட்டார்கள். நமக்கு விடை தெரியவில்லை. அண்ணன் தொழுகையாளி, தர்மவான். ஆயினும் மூட்டையின் வாயில் நல்ல கொட்டையை வைத்துக் கட்டுவது சந்தை வழக்கம் என்று சொல்லிச் சிரித்ததையும் நாம் கேட்டிருக்கிறோம். அதை அண்ணியிடம் சொல்லவில்லை. "சொல்லிடுங்க" என்று அவர்களே முடித்தார்கள். "கழுத்து ஒடிஞ்சா ஓட்டுறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே."

பெங்களூர் இளைஞரிடம் டேங்கைக் கழற்றியே காட்டினோம். ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார். "சொன்னதற்கு நன்றி ஐயா" என்றவர், காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு இது ஆகாது என்று வருத்தத்துடன் திரும்பிவிட்டார். இரண்டு மாதம் எவரும் வரவில்லை. அதற்குள் 31-ஆம் படிவம் கொடுத்து ஆர்.சி.யை அண்ணி பெயருக்கு மாற்றிக்கொண்டோம். பின்னர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி மகன் ஒருவர் எழுபத்திரண்டாயிரத்துக்குக் கேட்டார். ஓட்டுவதற்குத்தான் வாங்குகிறார், கழுத்துக்கு வலுவான தகடு கொடுத்து மறுபடி ஒட்டிக்கொள்வாராம். குறையை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தோம்.

பங்கு ஒன்றுக்கு மூவாயிரம் வந்தது. ஐயாயிரம் வந்திருக்க வேண்டும். நம் பதினைந்தாயிரத்தையும் மூத்தவள் கையில் கொடுத்தோம். அப்படியும் கட்டணத்துக்குக் குறைந்தது. ஒரு நண்பரிடம் கைம்மாற்றாக வாங்கினோம்.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "சின்னத்தா, பள்ளிக்கூடத்துக்கு எங்க ரெண்டு பேரையும் அத்தா கூட்டிப் போனதெல்லாம் அந்த ஒட்டோடதானா?"

ஆமென்றோம். அண்ணி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.