பால் பொங்காத பொங்கல்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, சங்ககால உணவு முறைகள் குறித்து எழுதவே முதலில் எண்ணினேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். ஆயினும் தாளும் எழுதுகோலுமாய் அமர்ந்த போதெல்லாம், இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் கருங்குழியில் எங்கள் வீட்டு அடுக்களையில் கழிந்த ஒரு வாரமே கண்முன் வந்து நின்றது. ஆகவே அதனையே எழுதத் துணிந்தேன். ஆய்வுக் கட்டுரையை எதிர்பார்க்கும் மாணவர்கள் பொறுத்தருள்க.

கருங்குழி என்றதும் வடலூரை அடுத்த கருங்குழியை நினைப்பவர் பலர். வள்ளலார் பல்லாண்டு தங்கியிருந்த ஊர் அது. எங்கள் ஊர் வேறு. செங்கற்பட்டுக்குத் தெற்கே, படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடப்பது. கர்நாடகப் போர்களின் காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்ட கோட்டை ஒன்று இங்கே இருந்தது. இன்று அப்பெயரைச் சொன்னால் வேடந்தாங்கல் பறவைகளைக் காணச் செல்வோர்க்கு வழியில் வரும் ஊர் என்றே அடையாளம் கூறவேண்டியிருக்கிறது.

என் மகள் பெங்களூரில் மேற்படிப்புப் படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக அவள் புலால் உண்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பால், தயிர், மோர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விட்டுவிட்டாள் என்பது இம்முறை அவள் வந்து இறங்கிய அன்று மாலையில்தான் தெரிந்தது. அவளுக்காக என் தாயார் காலையிலேயே தயிர் உறையூற்றி வைத்திருந்தார்.

"வேண்டாம் ஆயா, நான் தயிர் சாப்பிடறதில்லை" என்றாள்.

"சளி பிடிச்சிருக்கா கண்ணு?"

"இல்லை ஆயா. பாலே சேர்க்கறதில்லை."

என் தாயாருக்கு எழுபத்தொன்பது வயது. அவர் ஒன்றும் பேசவில்லை. தயிர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், அன்றிரவு அடுக்களையிலிருந்து வெளியே வரவேயில்லை. அம்மௌனத்தின் பொருள் என் மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிற்று, ஆனால் அதை அவளிடம் எடுத்துரைக்க எனக்கு நா எழவில்லை.

இவ்வுணவு முறைக்கு இன்று தமிழில் 'நனிசைவம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நனி என்பது மிகுதியை உணர்த்தும் உரிச்சொல் என்பதை நம் மாணவர்க்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் 1944இல் டொனால்டு வாட்சன் என்பவரும் அவர்தம் நண்பர் சிலரும் 'வீகன்' என்னும் சொல்லைப் படைத்து ஒரு சங்கமும் அமைத்தனர். சொல் புதிதே தவிரக் கருத்து புதிதன்று. நம் கல்லூரி அரபுத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அபுல் அலா அல் மஅர்ரீ என்னும் கவிஞரை அவர் நினைவூட்டினார். சிரியா நாட்டில் 973இல் பிறந்தவர். சிறுவயதில் பெரியம்மையால் கண்ணொளி இழந்தவர். வாழ்வின் பிற்பகுதி முழுவதும் இறைச்சி, பால், முட்டை, தேன் ஆகிய நான்கையும் விலக்கி வாழ்ந்து 1057இல் மறைந்தவர். பால் கன்றுக்கு உரியது என்பதும், தேனீ தனக்காகவே தேனைச் சேர்க்கிறது என்பதும் அவர் கருத்து. இறைவன் ஆகுமாக்கிய உணவை ஏன் விலக்குகிறீர் எனக் கெய்ரோவிலிருந்த பெரும் அறிஞர் ஒருவர் அவரோடு கடித வழியே வாதிட்டதும் உண்டு. நம் வள்ளுவரோ புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினாரெனினும் பாலை மறுத்தாரில்லை. தேனோடு சேர்த்துக் காதற் சுவைக்கு உவமையாக்கினார்.

இவையெல்லாம் பின்னர் நான் தேடி அறிந்தவை. அவ்வாரத்தில் எங்கள் வீட்டில் எழுந்த வினா எளியது: பால் இல்லாமல் பொங்கல் வைப்பது எப்படி?

போகியன்று பெரிதாக ஒன்றுமில்லை. கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்துக் கடலெண்ணெய் விட்டுச் சுட்டாள் என் துணைவியார். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. மகள் நான்கு அடை உண்டாள். பால் இல்லாவிடில் எலும்புக்கு வலு ஏது என்று கேட்ட என்னிடம், நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, பாலில் ஏறத்தாழ 120தான் என்றாள். பி12 என்னும் உயிர்ச்சத்து மட்டும் தாவர உணவில் போதிய அளவு கிடைக்காது என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். மருத்துவர் சொற்படி அதற்கு மாத்திரை உட்கொள்கிறாளாம். படாளம் ஆலைச் சர்க்கரையாவது ஆகுமா என்று வேடிக்கையாகக் கேட்டேன். மேலைநாடுகளில் சில ஆலைகள் எலும்புக்கரி கொண்டு சர்க்கரையை வெளுக்கின்றனவாம். நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையுமே பயன்படுத்துவதால் தடையில்லை என்றாள். மாடு வளர்த்த வீட்டில் பிறந்த எனக்கு அவள் கணக்கெல்லாம் வியப்பாகவே இருந்தது.

பொங்கலன்று காலை வாசலில் அடுப்பு மூட்டியாயிற்று. தாயார் பாற்சொம்புடன் வந்து நின்றார். தேங்காய்ப்பால் ஊற்றலாமே என்றாள் மகள். "பால் பொங்கிச்சான்னு கேப்பாங்க. தேங்காய் பொங்கிச்சான்னா கேப்பாங்க?" என்றார் தாயார். இறுதியில் இரண்டு பானைகள் ஏறின. ஒன்றில் பால். மற்றதில் அரிசி களைந்த நீர். "கழனித் தண்ணி மாட்டுக்கு ஊத்தறது" என்று முணுமுணுத்தபடியே தாயார் அதற்கும் மஞ்சள் கொத்து கட்டினார். இரண்டும் பொங்கின. பொங்கலோ பொங்கல் என்று எல்லோரும் கூவினோம். தாயாரின் குரல் மட்டும் எழவில்லை. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தேங்காய்ப் பல்லைக் கடலெண்ணெயில் வறுத்துப் போட்ட அச்சர்க்கரைப் பொங்கல் நன்றாகவே இருந்தது. மொச்சை, பூசணி, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய் இட்ட குழம்புக்கு என்றுமே பால் தேவைப்பட்டதில்லை. தாயார் எங்களோடு அமர்ந்து உண்ணவில்லை, தலைவலி என்றார்.

அவர் வருத்தத்தின் காரணத்தை இங்கே கூறியாக வேண்டும். என் தந்தையார் மறைந்தபோது நான் பள்ளி மாணவன். நிலம் அரைக் காணிக்கும் குறைவு. இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்குக் கறந்து ஊற்றித்தான் என் தாயார் என்னைப் படிக்கவைத்தார். 1984இல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய பணமும் பாற்பணமே. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியைப் பற்றியும், 1998 முதல் இந்தியா உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடாக இருப்பதைப் பற்றியும் நூல்களில் படிக்கிறோம். எங்கள் வீட்டில் அதன் பெயர் அம்மாவின் கை. இன்று நான் தமிழ் கற்பித்து உண்ணும் சோறு அக்கையிலிருந்து வந்தது. பேத்தி பாலை மறுத்தபோது, தம் வாழ்நாள் உழைப்பையே குற்றமென்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். அதில் தவறில்லை என்றே எனக்கும் தோன்றிற்று.

மாட்டுப் பொங்கலன்று மாலை. எங்கள் கொட்டிலில் இப்போது மாடு இல்லை. என் இருசக்கர வண்டி நிற்கிறது. ஆயினும் தாயார் ஆண்டுதோறும் அங்கே கோலமிட்டு விளக்கேற்றுவார். மகள் உடன்சென்று அமர்ந்தாள். நான் திண்ணையில் இருந்தேன். அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"பசு கன்னு போட்டாத்தானே பால் ஆயா? காளைக்கன்னா பொறந்தா என்ன செய்வீங்க?"

"முன்னெல்லாம் உழவுக்கு வேணும்னு வாங்குவாங்க. டிராக்டர் வந்தப்புறம் யாரு கேக்கறா?"

சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் தாயார் தாமே தொடங்கினார். "செவலைன்னு ஒண்ணு இருந்துச்சு. கன்னு எட்டாம் நாள் செத்துப்போச்சு. பால் விடமாட்டேன்னு நின்னுச்சு. அந்தக் கன்னுத் தோலுல வைக்கோலை அடைச்சு முன்னால நிறுத்தினோம். அது நக்கிக்கிட்டே இருக்கும். நான் கறப்பேன். உங்கப்பனுக்குப் பரீட்சைப் பணம் கட்டணும், வேற வழியில்லை. கறக்கறப்ப அது முகத்தைப் பாக்கமாட்டேன்."

இச்செய்தி எனக்கு அதுவரை தெரியாது. பரீட்சைப் பணம் கட்டிய ரசீது மட்டும் என்னிடம் நெடுநாள் இருந்தது.

என் மகள் மறுமொழி ஏதும் கூறவில்லை. ஆயாவின் கையைப் பற்றிக்கொண்டு விளக்கு அணையும்வரை அங்கேயே இருந்தாள்.

காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் கறி எடுக்காத வீடு குறைவு. எங்கள் வீட்டிலோ அன்று கேக்கு. அடுமனைகளில் இருப்பது போன்ற அடுப்பு இல்லை. பழைய குண்டானில் ஆற்றுமணலைக் கொட்டிச் சூடேற்றி, நடுவே தட்டொன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடினாள் மகள். முதலாவது அடியில் கருகி நடுவில் வேகாமல் போயிற்று. அதைத் தெரு நாய்கூட முகர்ந்துவிட்டு நடந்தது. மறுநாள் தாயாரே மேற்பார்வைக்கு வந்துவிட்டார். தணலைக் குறைக்கச் சொன்னார். முட்டைக்கு மாற்றாகக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் கடலெண்ணெயும் கோதுமை மாவில் கலந்து, கடைசியில் சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் விட்டாள். புளிப்பும் சோடாவும் கூடினால் கரியமிலவாயு எழும். அக்குமிழ்களே மாவை உப்பவைக்கும். அதைக் கேட்ட தாயார், "ஆப்பத்துக்குக் கள்ளு ஊத்தற மாதிரி" என்றார். முக்கால் மணி நேரத்தில் பழுப்பாக, மேலே சற்றே வெடித்து, ஏலக்காய் மணத்துடன் வெந்து வந்தது. அண்டை வீட்டு பாய் குடும்பத்துக்கும் ஒரு துண்டு சென்றது. நோன்புக் காலத்தில் அவர்கள் அனுப்பும் கறியில்லாக் கஞ்சியிலும் தேங்காய்ப்பால்தானே என்று அப்போதுதான் என் மகள் கண்டுபிடித்தாள்.

அன்று மாலை தாயார் வழக்கம்போல் பால் விட்டுத் தேநீர் போட்டுக்கொண்டார். "இதை நான் விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். "நான் கேக்கவே இல்லையே ஆயா" என்றாள் பேத்தி. பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளிவந்தது. மாடு வாங்குவதற்கு முன்னால், தாம் பிறந்த வீட்டில், பாலுக்கு வழியில்லாத ஆண்டுகளில் அரிசி களைந்த நீரில்தான் பொங்கல் பொங்கியதாம். அதை ஏன் பொங்கலன்றே சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, "வறுமையைப் போய் நல்ல நாள்ல பேசுவாங்களா?" என்றார்.

ஞாயிறன்று மகளைச் செங்கற்பட்டுப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தோம். கையில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு. வண்டி மறைமலைநகரைத் தாண்டுமுன் தொலைபேசியில் அழைத்துவிட்டாள். எங்கள் வீட்டு முறுக்குக்கு வெண்ணெய் போட்டுப் பிசைவதே வழக்கம் என்பது அவளுக்கும் தெரியும்.

"அப்பா, இவ்வளவு மெத்துன்னு இருக்கே. ஆயா வெண்ணெய் போட்டாங்களா? கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். தாயார் முற்றத்தில் குண்டானிலிருந்த மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"வேர்க்கடலையை ஊறவச்சு அரைச்சுப் பால் எடுத்து ஊத்தினேன்னு சொல்லு. கறக்கத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?"