இரண்டு பட்டை

கதை எழுதிச் சேர்த்த காசில் தம்பிக்குப் பழைய லாரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சுமை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறதாம். "இரண்டு பட்டை கூடப் போட்டுவிட்டால் நிமிர்ந்துவிடும், அண்ணா" என்று நாமக்கல்லுக்கு அழைத்துப் போனான்.

ஸ்பிரிங் பட்டறைப் பெரியவர் குனிந்து பார்த்தார்.

"அடிக் கட்டில் பட்டை சேர்த்தால் வெறும் வண்டி கல்லாய்க் குதிக்கும். மேலே இருக்கிறதே, அதுதான் ஹெல்பர். சுமை ஏறி வண்டி தாழ்ந்த பிறகே தோள் கொடுக்கும்."

அப்படி ஓர் அத்தை எங்கள் குடும்பத்திலும் இருந்தாள்.

"ஹெல்பரில் சேர்த்தால் எத்தனை டன் கூட ஏற்றலாம்?" என்றான் தம்பி.

"ஒரு கிலோகூட ஏற்றக்கூடாது. பட்டைதானே புதிது? அச்சும் பிரேக்கும் டயரும் பழசுதான். பட்டை சோர்ந்திருக்கிறது, வளைவு ஏற்றித் தருகிறேன், போதும்."

இரண்டு அச்சு லாரிக்கு, வண்டியும் சுமையுமாக 16.2 டன் என்றிருந்ததை 2018இல் சர்க்காரே 18.5 ஆக்கியது. அதுவும் தம்பிக்குப் போதவில்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அவன் இறங்கி வருவதை எண்ணிப் பார்த்தேன். வளைவு ஏற்றுவதற்கு மட்டும் பணத்தை எண்ணி வைத்தேன்.

ஊர் வரும்வரை தம்பி என்னோடு பேசவில்லை.