எந்திரம் அறியாத வயது



நமது இல்லத்து டிரெட்மில்லில் மூன்று தலைமுறையினர் நடக்கிறோம். நாற்பதுகளில் உள்ள நாம் அரைமணி நேரம் நடந்தால் திரை ஏறத்தாழ 120 கலோரி என்கிறது. எழுபதைக் கடந்த தந்தையார் 20 நிமிடம் நடந்தால் 50 என்கிறது. "இவ்வளவு மூச்சு வாங்கியும் ஐம்பதுதானா? இனிமே எதுக்கு தம்பி நடக்கணும்?" என்று ஒருநாள் இறங்கிவிட்டார். அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்று அவருடன் அமர்ந்து கணக்கிட்டோம்.

இதற்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் எளியது. சமதளத்தில், நிமிடத்திற்கு நடக்கும் மீட்டரில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, ஓய்வுநிலைத் தேவையான 3.5-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது, ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் தேவைப்படும் ஆக்சிஜன், மில்லிலிட்டரில். நிமிடத்திற்கு 80 மீட்டர் நடக்கும் நமக்கு 11.5, 50 மீட்டர் நடக்கும் அவருக்கு 8.5. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கலோரி.

இதில் வேகம் உண்டு, ஏற்றம் உண்டு, எடையும் உண்டு. வயது இல்லை!

ஆனால் உடல் வயதை அறியும். குட்டைக் கால்களால் அதிக அடிகள் வைக்கும் சிறுவருக்குக் கிலோ ஒன்றுக்கான செலவு பெரியவரைவிடக் கூடுதல். முதியோருக்கோ, தடுமாறாதிருக்க எதிரெதிர்த் தசைகள் ஒருங்கே இறுகுவதால், அதே வேகத்திற்கு இளையோரைவிட அதிகச் செலவு. அதைவிட முக்கியமானது, உடலின் உச்ச ஆற்றல் முதுமையில் சுருங்குவது. நமது உச்சம் 35 என்றும் அவருடையது 20 என்றும் கொண்டால், நாம் செலவிடுவது மூன்றில் ஒரு பங்கு; அவர் செலவிடுவது நாற்பது விழுக்காட்டுக்கும் மேல். சிறிய எண்ணைப் பெற்றவரே பெரிய உழைப்பை உழைத்திருக்கிறார்.

தொழுகை நடத்துபவர், பின்னால் நிற்கும் முதியோரையும் பலவீனரையும் கருதிச் சுருக்க வேண்டும் என்று மதரஸாவில் கற்பிக்கிறோம். அந்தக் கரிசனம் வீட்டுக்குள்ளும் வேண்டுமல்லவா?

இப்போது தந்தையார் நடக்கையில் கலோரி எண்ணைத் துணியால் மறைத்துவிடுகிறோம். பேச்சுக் கொடுக்கிறோம். தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரி. சொற்கள் அறுந்தால் குறைக்கிறோம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்வது என்றும் முடிவு செய்துள்ளோம்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் எத்தனை கலோரி என்று கேட்காதீர்கள். இன்று நடந்தீர்களா என்று மட்டும் கேளுங்கள்.