சுவரில் உரசிய பை

பெரு நாட்டின் வடகடற்கரையில், ட்ருஹியோ நகரை அடுத்த பாலையில் சான் சான் கிடக்கிறது. 1470 வாக்கில் இன்காக்கள் கைப்பற்றும் வரை சிமூ அரசின் தலைநகரம், முழுக்க மண்ணாலானது. சுடாத கல்லைப் பச்சைச்செங்கல் என்போமல்லவா, பச்சையே கண்ணில் படாத அந்நிலத்தில் அச்சொல்லை எண்ணி நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டோம்.

நிக் ஆன் வளாகச் சுவர்களில் மீன்கள் வரிசையாகச் செல்கின்றன. சில சுவர்கள் வலையின் கண்களைப்போல் சாய்சதுரத் துளைகளிட்டவை. அன்று காலைதான் பக்கத்து வான்சாக்கோ கரையில், கோரையைக் கட்டிச் செய்த ஓடத்தில் மீனவர் ஒருவர் அலையேறக் கண்டிருந்தோம். ஆகவே எதுவும் பழமையாகத் தோன்றவில்லை.

ஒரு திருப்பத்தில் எங்கள் முதுகுப்பை சுவரில் உரசியது. ஒரு பிடி மண் ஓசையின்றி உதிர்ந்தது.

குளிர்நீரோட்டத்தால் மழை அநேகமாக இல்லாத கரை இது. எல் நினோ ஆண்டுகளின் பெருமழையில்தான் சுவர்கள் கரைகின்றன. 1986இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச்சின்னமாக ஏற்றபோதே, ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. மழைக்கு அஞ்சிக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு அஞ்ச வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

காவலர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். பைகளைக் கழற்றி மார்போடு அணைத்தபடி மிச்ச தூரத்தைக் கடந்தோம்.

மறுநாள் வாக்கா டெல் சோல். மோச்சே மக்கள் எழுப்பிய அம்மண்கோயிலை, பொன் தேடிய ஸ்பானியர் ஆற்றையே திருப்பிவிட்டுக் கரைத்தார்கள். மிஞ்சியதைத் தொலைவிலிருந்தே பார்த்தோம்.

இரவு விடுதியில் பை வாரின் மடிப்பில் அந்த மண் இருந்தது. எங்கே உதறுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.